மாணவிச் செவிலியின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

அரசு மருத்துவமனையின் பொது வார்டு ஒன்றில் நோயாளிகளின் சார்ட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் மாறியிருக்கும். சுவாச எண்ணிக்கை மட்டும் பல சார்ட்டுகளில் 20 என்றே இருக்கும். நிமோனியாவில் மூச்சிரைக்கும் முதியவருக்கும் 20. குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து நாளை வீட்டுக்குப் போகவிருக்கும் இளைஞருக்கும் 20. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்து எண்ண வேண்டும் என்பது செவிலியர் படிப்பின் தொடக்கப் பாடம். தேர்வில் கேட்டால் எந்த மாணவியும் தவறாக எழுத மாட்டாள். வார்டுக்கு வந்த சில வாரங்களில் அவள் எண்ணுவதை விட்டுவிட்டு, எழுத மட்டும் பழகிக்கொள்கிறாள்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல. பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளிலும் இதே பழக்கம் உண்டு. ஆனாலும் இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது. ஒரு நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பதை ரத்த அழுத்தம் காட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு காட்டிவிடும். அந்த எச்சரிக்கையை நாமே அழித்துவிட்டு, பிறகு ‘திடீரென்று சீரியஸாகிவிட்டார்’ என்று உறவினர்களிடம் சொல்கிறோம்.

20 என்று எழுதும்படி எந்த ஆசிரியரும் சொல்லித்தருவதில்லை. நாற்பது படுக்கைகளையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் அப்படி எழுதுவதை மாணவி பார்க்கிறாள். சீனியர் அக்கா அதையே செய்கிறார். இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்திடும்போது எதுவும் கேட்பதில்லை. நோயாளியின் பாதுகாப்பு குறித்த பழக்கங்களை மாணவியின் கையில் பதிப்பது பாடத்திட்டமா, வார்டா என்று கேட்டால், வார்டுதான். (செவிலியர் படிப்பில் ஆண்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள் என்பதால் மாணவி என்றே எழுதுகிறேன்.)

அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டும் ஓர் ஆய்வு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹோஃப்லிங்கும் அவருடைய குழுவினரும் 1966-இல் அதை வெளியிட்டார்கள். வார்டில் பணியிலிருந்த செவிலியருக்குத் தொலைபேசியில் ஒரு குரல் பேசும். முன்பின் அறியாத ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்லி, இன்ன நோயாளிக்கு இன்ன மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று உத்தரவிடும். மருந்துப் பெட்டியின் மேலோ அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். தொலைபேசி உத்தரவை ஏற்கக் கூடாது என்பது விதி. 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கிப் போனார்கள். கொடுப்பதற்கு முன் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அந்த மருந்தும் தீங்கற்ற போலி மருந்துதான். இதே நிலைமையைத் தாளில் எழுதிக்காட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று 21 செவிலியர் மாணவிகளிடம் தனியாகக் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்று 21 பேரும் பதில் எழுதினார்கள். அந்த மாணவிகள் பொய் சொல்லவில்லை. தாளுக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது யாருடைய அதிகாரமும் அவர்கள் தலைமேல் இல்லை, அவ்வளவுதான்.

இதை மரக்காணத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள், கழுவேலிச் சதுப்பு நிலம், கடலோரக் குப்பங்கள் என்று விரியும் விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை இது. ஊரில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் மேற்கே திண்டிவனம், அங்கிருந்து முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டு பிம்ஸ், புதுச்சேரி ஜிப்மர். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் ஓடியது இந்த மருத்துவமனைகளை நோக்கித்தான். இந்த வட்டாரத்தின் செவிலியர் மாணவிகள் பயிற்சிக்குப் போவதும் இவை போன்ற மருத்துவமனைகளின் வார்டுகளுக்குத்தான்.

அந்த மாணவிகளில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பைத் தாண்டியவர்கள். அரசுப் பள்ளியில் படித்து, 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயைப் பேருந்துக்கும் நோட்டுக்கும் வைத்துக்கொண்டு படிப்பவர்கள் அவர்களில் உண்டு. உடல் உழைப்புக்கும் பொறுமைக்கும் பஞ்சமில்லாத பிள்ளைகள். ஆனால் மேலே இருப்பவரிடம் “இல்லைங்க மேடம், அளவு தப்பா இருக்கு” என்று சொல்ல வீட்டிலும் பழகியதில்லை, பள்ளியிலும் பழகியதில்லை. ‘எதிர்த்துப் பேசாத பிள்ளை’ என்று பெயர் வாங்கித்தான் அவர்கள் இதுவரை வந்திருக்கிறார்கள். அதே குணம் வார்டில் ஆபத்தாக மாறுகிறது. டிரக் சார்ட்டில் புரியாத எழுத்தைப் பார்த்து ஒரு மாணவி சந்தேகம் கேட்டால், “இதெல்லாம் உனக்கு எதுக்கு, சொன்னதைச் செய்” என்ற ஒரே பதில் போதும். அடுத்த முறை அவள் கேட்க மாட்டாள். அவளோடு நிற்கும் நான்கு பேரும் கேட்க மாட்டார்கள்.

உப்பளத்தில் அம்மாவுக்குப் பின்னால் நடக்கும் மகள், பாத்தியின் அடிச்சேறு கலங்காமல் பலகையால் உப்பை இழுப்பது எப்படி என்று புத்தகம் பார்த்துக் கற்பதில்லை. கை தவறும் கணத்தில் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், பலகையைச் சற்றே தூக்கிப் பிடிக்கச் சொல்கிறாள். செவிலியர் பயிற்சியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? கல்லூரியில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி. காகிதத்தில் கணக்கு சரியாக இருக்கும். காலையில் மாணவிகளைப் பேருந்தில் கொண்டுவந்து இறக்கும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர், நான்கைந்து வார்டுகளில் சிதறிக் கிடக்கும் தன் மாணவிகளை ஒரு சுற்றுச் சுற்றி வருகைப் பதிவு எடுப்பதற்குள் மணி பதினொன்று ஆகிவிடும். அவரே பெரும்பாலும் படிப்பை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். வார்டு அவருக்கும் அந்நிய இடம். அங்கே மருந்து அலமாரியின் சாவி அவரிடம் இல்லை, அதிகாரமும் இல்லை.

வார்டில் உண்மையில் இருப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். அவருடைய நிலைமை நாடறிந்தது. 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகச் செவிலியர் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னையில் கூடினார்கள் என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். தன் வேலையே நிச்சயமில்லாத ஒருவரிடம், கற்பிப்பதற்கென்று ஒரு மணி நேரமோ ஒரு ரூபாயோ கூடுதலாகக் கொடுக்காமல், பத்துப் பதினைந்து மாணவிகளைத் தள்ளிவிடுகிறோம். அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். நீ பிபி பார், நீ டிரிப் மாற்று, நீ லேபுக்கு ஓடு. மாணவி கற்க வந்தவள் என்பது மறைந்து, சம்பளம் வாங்காத கையாக ஆகிவிடுகிறாள். லாக் புக்கில் இத்தனை ஊசி, இத்தனை கேனுலா என்ற எண்ணிக்கையும் முடிய வேண்டும் அல்லவா? எண்ணிக்கை முடிகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் முன் கை கழுவினாளா, நோயாளியின் பெயரைக் கேட்டாளா என்று அந்த நோட்டில் எழுத இடமில்லை.

பக்கத்தில் நிற்கும் ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின. பட்டியலைக் கொடுத்ததோடு நிற்காமல், பயிற்றுநர் ஒருவர் பிரசவ அறைக்கே வந்து செவிலியருடன் நின்று திருத்திய இடங்களில், செய்ய வேண்டிய 18 செயல்களில் சுமார் 73 சதவீதம் நடந்தது. பயிற்றுநர் வராத இடங்களில் 42 சதவீதம். பயிற்றுநரின் வருகை நின்று சில மாதங்கள் ஆனதும் அந்த 73 சதவீதம் 62-க்குச் சரிந்தது. தாய் சேய் இறப்பில் வேறுபாடு ஏற்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் ஒரு பட்டியலால் சரிசெய்ய முடியாது. ஆனால் பழக்கத்தைப் பொறுத்தவரை அந்த ஆய்வு சொல்வது தெளிவு: ஆள் நின்றால் பழக்கம் நிற்கிறது, ஆள் போனால் சரிகிறது.

வேலூர் சிஎம்சியில் இதற்கு நெடுங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள் வார்டுப் பொறுப்பிலும் பங்கேற்கிறார்கள். வகுப்பில் சொன்னதை வார்டில் செய்துகாட்ட வேண்டிய கடமை அதே ஆளுக்கு. புத்தகம் ஒன்று சொல்ல, வார்டு வேறொன்று சொல்ல, நடுவில் மாணவி விழிக்கும் நிலை இதனால் குறைகிறது. அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் இந்த இரண்டு உலகங்களும் தனித்தனித் துறைகளாக, பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கின்றன.

அச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஊசி போட்ட பிறகு மூடியை மறுபடி பொருத்தாதே, நேராக நீடில் கட்டரில் போடு என்று எல்லா மாணவிகளுக்கும் சொல்லித்தருகிறார்கள். கட்டர் வார்டின் மறுகோடியில் இருக்கும், அல்லது பழுதாகிக் கிடக்கும். மாணவி மூடியைப் பொருத்தப் போகிறாள், விரலில் குத்திக்கொள்கிறாள். நோயாளிக்கு எச்ஐவி இருக்குமானால், தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாட்கள் சாப்பிட வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் எல்லோர் முன்னும் திட்டு விழும், விளக்கக் கடிதம் எழுத வேண்டும், வீட்டுக்குப் போன் போகும் என்பதும் தெரியும். விரலைக் குழாய் நீரில் கழுவிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறாள். தன் உடம்புக்கு வந்த ஆபத்தையே சொல்லப் பயப்படும் ஒரு பெண், நோயாளிக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டதை எப்படிச் சொல்வாள்?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அங்கே பணியாற்றியவர்கள் அஞ்சாமல் சொன்னார்கள் என்பதே காரணம். நம் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக ஒரு தவறுகூடப் பதிவாகாத வார்டு இருக்குமானால், அதைப் பார்த்து நான் மகிழ மாட்டேன், கவலைப்படுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஒருவருக்குச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது. நம் வார்டு மட்டும் இதற்கு விதிவிலக்காக இருக்க முடியாது.

தவறு வெளியே தெரிந்துவிட்டால் நாம் தேடுவது ஆளைத்தான். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டபோது ரத்த வங்கிப் பணியாளர்கள் மீது உடனே நடவடிக்கை பாய்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2016-இல் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும், ரத்தம் கொடுத்தவரிடம் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. செய்தி எந்தக் கையில் தொடங்கி எந்தக் கையில் நின்றுபோனது என்பதல்லவா எல்லா மருத்துவமனைகளும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்? 2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு ஜவ்வு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனையின் காலில் இறுக்கக் கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. காலை எடுத்தும் உயிர் பிழைக்கவில்லை. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பிள்ளையின் மரணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் செவிலியர் கல்லூரிகள் எல்லாம் ஒரு வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டுப் போட்ட காலின் விரல்களை எத்தனை மணிக்கு ஒரு முறை தொட்டுப் பார்ப்பது, வெளிறினால், குளிர்ந்தால், மரத்துப்போகிறது என்று நோயாளி சொன்னால் யாரைக் கூப்பிடுவது, அவர் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று மாணவிகளை வார்டில் நிறுத்திச் செய்ய வைத்திருக்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நம் பயிற்சியில் பதிலே இல்லை.

பாதுகாப்பு என்பது ஊருக்கு ஊர் வேறு உருவம் எடுக்கும். மரக்காணம் கடற்கரையின் நோயாளியைப் பாடப்புத்தகம் அறியாது. ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அப்படியொரு பெண் இடுப்பு வலி என்று புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். “ஒரு ஊசி போட்டு அனுப்பும்மா, நாளைக்கு அளத்துக்குப் போகணும்” என்கிறார். டைக்ளோஃபினாக் ஊசி நீர் வற்றிய உடம்பின் சிறுநீரகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்பது மூன்றாமாண்டு மாணவிக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா உப்பளத்தில் வேலை செய்பவரா, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று அவள் கேட்டால்தான் மருத்துவருக்கு அது போய்ச் சேரும். தொழில் என்ன என்ற கேள்விக்குப் பல சீட்டுகளில் ‘கூலி’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். விவசாயக் கூலிக்கும் உப்பளக் கூலிக்கும் உடம்பு வேறு.

உள்ளங்கால் தோல் உப்பில் தடித்துப்போனவருக்கு நீரிழிவும் இருந்தால், புண் இருப்பதே அவருக்குத் தெரியாது. காலைத் தூக்கி அடியைப் பார்க்காத செவிலிக்கும் தெரியாது. விரல் நுனி தடித்திருந்தால் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல் வேறு விரலில் வைத்துப் பார்க்க வேண்டும். நீர் வற்றியவருக்கு நரம்பு கிடைக்காது. மூன்று இடத்தில் குத்திப் பார்க்கும் மாணவி, நரம்பு கிடைக்காததே ஒரு நோய்க்குறி என்று உணர்ந்து சொல்ல வேண்டும்.

பெயரையும் விட்டுவிட முடியாது. இந்த வட்டாரத்தில் ஏழுமலை என்று வார்டு வாசலில் கூப்பிட்டால் இரண்டு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரே குப்பத்திலிருந்து பலர் ஒரே இரவில் வந்து இறங்கும்போது குழப்பம் இன்னும் கூடும். “நீங்கதானே ஏழுமலை?” என்று கேட்கும் மாணவிக்குக் காது மந்தமான பெரியவர் “ஆமாம்மா” என்றுதான் சொல்வார். வெள்ளை உடுப்புக்கு மறுத்துச் சொல்லி அவருக்கும் பழக்கமில்லை. “உங்க பேரு என்னங்கய்யா? அப்பா பேரு?” என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதை ஐ.பி. எண்ணோடு ஒத்துப் பார்ப்பதற்குப் பத்து நொடி ஆகும். இந்தப் பத்து நொடியை எந்த நெருக்கடியிலும் விட்டுக்கொடுக்காத ஒரு மூத்த செவிலியை மாணவி தன் பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

செவிலியர் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த புதிய பட்டப்படிப்புப் பாடத்திட்டம் தொற்றுக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் மூன்றாம் பருவத்தில் பாடமாகவே வைத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. புதிய ஆணையம் கல்லூரிகளை ஆய்வு செய்யும்போது, கட்டடத்தின் சதுர அடியையும் நூலகப் புத்தகங்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு, காலை ஒன்பது மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, மாணவி மருந்து கொடுக்கும்போது அவள் அருகில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். ஒருவரும் இல்லையென்றால் அந்தக் கல்லூரிக்கு அடுத்த ஆண்டு அத்தனை இடங்கள் எதற்கு?

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. முண்டியம்பாக்கத்திலோ திண்டிவனத்திலோ ஒரே ஒரு மருத்துவ வார்டை எடுத்துக்கொள்ளலாம். கற்றுக்கொடுப்பதில் விருப்பமுள்ள மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரை மாணவிகளுக்கென்று பெயர் குறிப்பிட்டு நியமித்து, அதற்கு ஒரு படியும் கொடுக்க வேண்டும். அவர் மாணவிகளோடு இருக்கும் நேரத்தில் அவருடைய படுக்கைகளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். இது இல்லாமல் மற்றதெல்லாம் பேச்சாகவே போகும். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம், அந்த வாரம் நடக்கவிருந்து தப்பிய தவறுகளை யார் பெயரும் எழுதாமல் பேசட்டும், முதலில் மூத்தவரே தன்னுடையதைச் சொல்லித் தொடங்கட்டும். வழக்கமாக எல்லாரும் 20 என்று எழுதிய இடத்தில் 34 என்று எண்ணி எழுதிய மாணவியை எல்லோர் முன்னும் பாராட்டட்டும். சேர்க்கைச் சீட்டில் ‘கூலி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த வேலை என்று எழுத ஒரு கட்டம் அச்சிடட்டும். உப்பு வாரும் பருவம் ஜனவரியில் தொடங்கி, சித்திரை வைகாசியில் உச்சத்துக்குப் போகும். நீர் வற்றிய உடம்புகள் வார்டுக்கு வரத் தொடங்குவதற்கு முன் இவ்வளவையும் செய்து முடிக்க மாவட்ட நிர்வாகத்துக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் இருக்கிற அதிகாரமே போதும்.